மடிப்பில் தேய்ந்த பெயர்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அன்று முதல் பொட்டு சாமிக்கு இல்லை. ஒரு காகிதத்துக்கு.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கீமேனாக இருந்தார். விடிந்ததும் தண்டவாளத்தோடு நடந்து, கழன்றதை அடித்து இறுக்கி, எதிர்ப்பட்ட கீமேனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புகிற வேலை. பூஜைக்கு அவருடைய சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்போம். அந்த வரிசைக்குத் தலைமாட்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தக் காகிதம் நிற்கும். இங்கிலீஷில் எழுதியது. கீழே ஒரு வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்து, கம்பெனி முத்திரை.

அது யாருக்குக் கொடுத்தது என்றால், என் வீட்டுக்காரரின் பாட்டனாருக்கும் பாட்டனார். தாது வருஷப் பஞ்சத்தில் ரயில் பாதை போட ஆள் கூட்டி வந்த மேஸ்திரி. அந்த நாளில் ரயில் கம்பெனிக்காரன் ஊருக்குள் வந்து கூப்பிட்டால் எவன் போவான்? மேஸ்திரி போய் நின்றால் ஊரே எழுந்து வரும். அவர் போட்ட பாதையில்தான் மைசூர் மகாராஜாவே போனார் என்று என் மாமியார் சொல்லுவாள். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கி இந்தக் காகிதத்தைக் கொடுத்தான் என்றும் சொல்லுவாள். மைசூரில் ரயில்வே காலனியில் இருந்தவரை பூஜை அன்று அக்கம்பக்கத்து கேங்மேன் வீடுகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து அதன் முன்னால் விபூதி எடுத்துக்கொண்டு போகும். முதல் தேங்காய் எங்கள் கையால்தான் உடையும். அது எங்களுக்கு இருந்த மரியாதை. காலனியை விட்டுச் சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் சிலர் ஆட்டோ பிடித்து வந்து விபூதி எடுத்துக்கொண்டார்கள்.

நான் இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கன்னடத்தில் பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்தை நிறுத்தி அழகாகப் போடுவேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கு எங்கே போக வேண்டும்.

அந்தக் காகிதத்தை எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமி படத்தை யார் படிக்கிறார்கள்? வருஷா வருஷம் கண்ணாடிமேல் சந்தனம் வைப்போம், குங்குமம் வைப்போம். பழைய பொட்டை அழிக்கக் கூடாது என்பது வழக்கம். அதன் மேலேயே புதுப் பொட்டு. அப்படிப் படிந்து படிந்து, காகிதத்தில் நான்கு ஓரமும் துரையின் கையெழுத்தும் மட்டும்தான் தெரியும்.

என் மகன் ஐ.டி.ஐ. படித்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். அவனுக்குப் பெண் பார்த்தபோது எனக்கு இஷ்டமில்லாத இடத்தில் அமைந்தது. கோபிநத்தம் பக்கம். காட்டோரத்து ஊர். பெண் மட்டும் ஹனூரில் தங்கிப் படித்து, பி.ஏ. முடித்திருந்தாள். அந்த பி.ஏ.வைக் காட்டித்தான் என் மகனைப் பிடித்துவிட்டார்கள் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். அவள் காதில் விழும்படியும் சொன்னேன்.

நான் அவளை நன்றாக வைத்துக்கொண்டேன் என்று இந்த வயதில் பொய் எழுதப்போவதில்லை. வந்த புதிதில் சோறு நான்தான் போடுவேன். கரண்டி என் கையில் இருக்கும். எல்லாருக்கும் போட்டுவிட்டு, பானையின் அடியைச் சுரண்டி அவளுக்கு. அவள் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். "என்ன, உங்க ஊர்ல மூட்டை மூட்டையா வெளையுதா?" என்று கேட்பேன். "இல்லீங்க அத்தை, போதுமுங்க" என்பாள். அவள் ஜனங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு ஒரே வாக்கியம் போதும். "எங்க பெரியவர் கூட்டிட்டு வந்த கூலிக் கூட்டத்துல உங்க ஆளுங்களும் இருந்திருப்பாங்க, போ." அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அது இனிப்பாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

அவள் வந்த முதல் தசராவுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சட்டத்தை இறக்கி வைக்க மறந்து, கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. வேறு வழியில்லாமல் முழுக்கக் கழுவச் சொன்னேன். அவளிடம்தான் கொடுத்தேன். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து துடைத்தாள். நான் போய்ப் பார்த்தபோது துணி ஒரு கையில், சட்டம் மடியில், அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பரிட்சைக்குப் படிக்கறியா? தொடச்சுக் கொண்டா."

"ஒண்ணுமில்லீங்க அத்தை."

கொண்டுவந்து கொடுத்தாள். புதுச் சந்தனம் வைத்தேன். அவளையும் விழுந்து கும்பிடச் சொன்னேன். விழுந்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் ஒரு மாதிரி இருந்தது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. பட்டிக்காட்டுப் பெண், பட்டணத்துப் பூஜையைப் பார்த்து மிரண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் பேரன் பிறந்தான். எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அந்த மேஸ்திரியின் பெயரைத்தான் வைப்போம். என் வீட்டுக்காரருக்கும் அதே பெயர்தான். அதனால் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நான் மீறவில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வேன். மருமகளுக்கும் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

பெயர் வைக்கிற அன்று அவள் என்னிடம் தனியாக வந்து நின்றாள். "அத்தை, அந்தப் பேரு மட்டும் வேண்டாமுங்க."

"ஏன்?"

"வேண்டாமுங்க. வேற எது வேணும்னாலும் வையுங்க."

"கூப்பிட வாய் கூசுதா? உங்க வீட்ல பேர் சொல்ற மாதிரி எவனாவது இருந்தா அவன் பேரை வெச்சிருக்கலாம். இல்லையே, என்ன பண்றது?"

அவள் கையில் குழந்தை இருந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பேரனுக்கு அதே பெயரை வைத்தேன். வைத்தேனே தவிர, நாங்கள் இருவருமே அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. எனக்கு அவன் ராஜா, அவளுக்கு அவன் சாமி. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் மட்டும்தான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. மருமகள் ஒரு காலேஜ் லைப்ரரியில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போகிறாள். போன வருஷம் ஒரு நாள் சாப்பிடும்போது என் மகனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரிடையரான சரித்திரப் புரொபசர் ஒருவர் லைப்ரரிக்கு வருகிறாராம். முதன்முதலில் வந்த ரயில் கம்பெனிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். அந்தக் கம்பெனிகள் நாட்டுக்கு நல்லது செய்தனவா, கெட்டது செய்தனவா என்று எடை போடுகிறாராம்.

நான் தட்டில் கை வைத்தபடியே சொன்னேன். "அவரை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எதுக்குங்க அத்தை?"

"எதுக்கா? துரை கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கற வீடு மைசூர்ல வேற எங்க இருக்கு? அவர் புத்தகத்துல நம்ம பெரியவர் இல்லாம என்ன ரயில் சரித்திரம்?"

"அவரு எல்லாத்தையும் படிச்சுப் பாப்பாருங்க."

"பாக்கட்டுமே. படிக்கத்தானே துரை எழுதியிருக்கான்."

"அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாதுங்க."

"உன்மேல வருத்தப்பட நீ யாரு?" என்றேன். என் மகன் குழம்பு ஊற்றிக்கொண்டு டி.வி.யைப் பார்த்தான்.

புரொபசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். மேல்கோட்டைப் பக்கத்து அய்யங்கார். வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை. என் மகன் வெளியே போயிருந்தான். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களை வாசற்படியில் நின்றாள்.

நான்தான் முதலில் கேட்டேன். "கம்பெனி நல்லதா, கெட்டதா? என்ன தீர்ப்பு?"

அவர் சிரித்தார். "தீர்ப்பு இன்னும் வரலை அம்மா. வக்கீல்கள் பேசிண்டே இருக்கா." பிறகு பொறுமையாகச் சொன்னார். ஒரு கட்சி, ரயில் வந்ததால்தான் ஒரு ஊர்த் தானியம் இன்னொரு ஊருக்குப் போனது, வியாபாரம் பெருகியது, ஜனங்கள் நாலு இடம் போய்ப் பிழைத்தார்கள் என்கிறதாம். இன்னொரு கட்சி, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கம்பெனிக்கு வருஷத்துக்கு இவ்வளவு பணம் என்று சர்க்கார் எழுதிக் கொடுத்துவிட்டது, அது இங்கத்துக் குடியானவன் கட்டின வரி; தண்டவாளமும் எஞ்சினும் கப்பலில் வந்து இறங்கின, இங்கே ஒரு பட்டறைகூட அதனால் வளரவில்லை என்கிறதாம். பஞ்சத்தில் ரயில் அரிசியைக் கொண்டுவந்தது என்று ஒருவர் எழுதினால், அதே ரயில்தான் பசித்த ஊரிலிருந்து அரிசியைக் கொண்டுபோனது என்று இன்னொருவர் எழுதுகிறாராம்.

"ரெண்டுமே நிஜம். அதான் கஷ்டம்" என்றார்.

"எங்க காகிதத்தைப் பாருங்க. உங்க கஷ்டம் தீரும்" என்றேன்.

சட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். சந்தனத்தைத் துடைக்கலாமா என்று கேட்டார். வழக்கம் இல்லைதான். ஆனாலும் பெரியவர் புத்தகத்தில் ஏறப்போகிறாரே என்று தலையாட்டினேன். ஈரத் துணியை மருமகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் துடைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. எழவு வீட்டில் தங்கக் காசு கண்டெடுத்தவன் முகம் போல. சட்டென்று அதை மறைத்துக்கொண்டார்.

"அம்மா, இதை உங்களுக்கு யாராவது படிச்சுச் சொல்லியிருக்காளா?"

"படிக்கணுமா என்ன? நற்சாட்சிப் பத்திரம்."

"இல்லை அம்மா."

பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இந்த மேஸ்திரியின் பொறுப்பில் இருந்த கூலிகளுக்கு அளக்கச் சொன்ன அரிசியில் இவன் கைவைத்தான். அதனால் சில கூலிகள் மண் வெட்டுகிற பள்ளத்திலேயே செத்தார்கள். கேட்டவர்களை அடித்தான். இவனை விலக்கியாயிற்று. எந்த ரயில் லைனிலும் இவனுக்கு இனி வேலை கொடுக்க வேண்டாம்.

அரிசி என்ற வார்த்தை வந்தபோது மருமகள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் அப்போது விளங்கியது. மேஸ்திரியின் மகன் ஏன் மேஸ்திரியாகாமல் தண்டவாளக் கேங்கில் போய்க் கல் இடித்தான் என்று நான் கல்யாணமாகி வந்த நாளில் கேட்டிருக்கிறேன். "அவருக்கு அதிகாரம் பண்ணப் பிடிக்காது" என்று மாமியார் சொன்னாள். அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

"அப்படிப்பட்ட காகிதத்தை எதுக்கு வெச்சுக்கிட்டார்? கிழிச்சுப் போட்டிருக்கலாமே?" என்றேன்.

புரொபசர் காகிதத்தை வெளிச்சத்தில் காட்டினார். குறுக்கும் நெடுக்குமாக மடிப்புகள். மடிப்பில் எல்லாம் கறுத்துத் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. "இவ்வளவு மடிப்புத் தேயணும்னா நூறு தடவை பிரிச்சுக் காட்டியிருக்கணும். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சிருக்காது. துரை கொடுத்த பத்திரம்னு நெனச்சு, ஒவ்வொரு லைனா போய், இதைக் காட்டித்தான் வேலை கேட்டிருப்பார்."

வேலை கொடுக்காதே என்று எழுதிய காகிதத்தை இரண்டு கையாலும் பணிவாக நீட்டிக்கொண்டு நிற்கிற ஆளை நான் பார்த்தேன். படித்துவிட்டு அவர்கள் சிரித்திருப்பார்கள். அவர் அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, மடித்து மடியில் வைத்திருப்பார்.

அழ வேண்டும் போல் இல்லை. கோபம்தான் வந்தது. "சார், ஒண்ணு கேக்கறேன். கம்பெனிக்கு ரெண்டு கட்சி, இவ்வளவு வருஷமா வக்கீல், இன்னும் தீர்ப்பு இல்லேன்னீங்க. எங்க பெரியவருக்கு மட்டும் நாலு வரியில தீர்ப்பு. அதை எழுதினது யாரு? அதே கம்பெனி. மூட்டை வண்டியில ஏறினப்ப அரிசி சரியா இருந்துச்சுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்லை."

"இத்தனை நாளுக்குள்ள பள்ளம் வெட்டணும்னு நாள் வெச்சது யாரு?"

"கம்பெனிதான்." அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். "நியாயம் அம்மா. இதையும் எழுதறேன். ஆனா அவர் கைவைக்கலேன்னு நான் எழுத முடியாது."

"எழுதச் சொல்லலை."

அப்போதுதான் மருமகள் முதல் தடவையாக வாய் திறந்தாள். "செத்தவங்க பேரு இருக்குங்களா சார்?"

"இல்லைம்மா. சில கூலிகள்னு மட்டும் இருக்கு."

"இவரு பேரு?"

"அதுதான் சிக்கல். சரியா மடிப்பு அந்த இடத்துல விழுந்து பேரே போயிடுத்து." என் பக்கம் திரும்பினார். "வீட்டு மனுஷா சொன்னாத்தான் போட முடியும். சொன்னா பேரோட போடறேன். இல்லேன்னா ஒரு மேஸ்திரின்னு போடறேன். உங்க இஷ்டம் அம்மா. எதுவானாலும் கையெழுத்து வேணும்."

"ஒரு மேஸ்திரின்னே போடுங்க சார்" என்றாள் மருமகள். "செத்தவங்களுக்கும் பேரில்ல, இவருக்கும் வேண்டாம். சமமாப் போகட்டுமுங்க. எங்க அப்பத்தா ஊட்டுல ரயிலு வேலைக்குப் போன ஆளுங்க திரும்பி வரலைன்னு சொல்லுவாங்க. அவங்க பேரு இன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியாது."

"அவங்களுக்காகப் பேசறியா, உன் பையனுக்காகப் பேசறியா?" என்றேன்.

"எம் பையனுக்காகத்தானுங்க. அவன் பேருதானுங்க அது. வேண்டாம்னு அன்னைக்கே சொன்னனுங்க."

அன்றைக்கே. குழாயடி, மடியில் சட்டம், ஈரத் துணி. எல்லாம் எனக்கு ஒன்றாகக் கூடிவந்தது. "உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமுங்க."

"இத்தனை வருஷமா வாயத் தொறக்கல."

"நீங்க கேக்கலீங்களே அத்தை." டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள். "வருசா வருசம் நீங்க பொட்டு வெச்சுக் கும்புடறப்ப நானும் பக்கத்துல நின்னு பாப்பனுங்க. நீங்க என்னைய என்ன சொன்னாலும் அந்த ஒரு நாளு எனக்குப் போதுமுங்க."

புரொபசர் தன் துணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளைக் குறை சொல்லவில்லை. பானை அடியைச் சுரண்டிப் போட்டவளுக்கு அது சரியான கூலி. ஆனால் நான் இருக்கும்வரை என் வீட்டில் அவள் சொன்னது நடக்கக் கூடாது. அதுவும் உண்மை. இன்னொன்றும் உண்மை. கம்பெனிக்குப் பெயர் உண்டு, துரைக்குப் பெயர் உண்டு, திட்டினாலும் புகழ்ந்தாலும் அவர்களைப் பெயர் சொல்லித்தான் திட்டுவார்கள். எங்கள் ஆள் திருடன் என்றால் பெயருள்ள திருடனாக இருக்கட்டும். ஒரு மேஸ்திரி, சில கூலிகள் என்று துரை கண்ணுக்குத் தெரிந்த மாதிரியே இந்தப் புத்தகத்துக்கும் தெரிய வேண்டாம்.

"பேரோட போடுங்க" என்றேன்.

"அத்தை."

"போடுங்க சார். தப்புப் பண்ணினவன் பேராவது தெரியட்டும்."

அவர் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்கோ அம்மா."

வாய் திறந்தேன். வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் என் நாக்கில் ஏறியதில்லை. மருமகளிடம் சொன்னேன். "நீ சொல்லு."

"நானுங்களா?" அவள் கண்ணை அகல விரித்தாள். "மாமனார் பேருங்களே. நான் எப்படிங்க சொல்றது? நீங்க சொல்லிக் குடுத்த மொறைதானுங்க."

அதே முகம். முதல் பூஜையில் விழுந்து எழுந்தபோது இருந்ததே, அந்த முகம். இந்தத் தடவை அது சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம், நானே எழுதிக் காட்டியிருக்கலாம். என் மகன் வரும்வரை இருக்கச் சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். என் மகன் வந்தால் அவள் பக்கம்தான் பேசுவான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். என் வீட்டுக்காரரின் படத்தைப் பார்க்கவில்லை. பெயரைச் சொன்னேன். நன்றாக, நிறுத்தி, தெருவில் போகிறவனுக்கும் கேட்கும்படி. புரொபசர் எழுதிக்கொண்டார். காட்டிய இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

அவர் போன பிறகு சட்டத்தை எடுத்து இருந்த இடத்திலேயே மாட்டினேன். சந்தனம் இல்லாமல் அது வெறும் பழுப்புக் காகிதமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து பேரன் போன் செய்தான். மருமகள் எப்போதும் அடுக்களையில் நின்றுதான் பேசுவாள். அன்று கூடத்துக்கு வந்து, என் நாற்காலிக்கு எதிரில் நின்றாள். சாமி என்று கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தபடியே, காலையில் நான் சொன்ன அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள்.